வாடிக்கையாளரின் காசோலை திரும்பினால் வங்கி ஊழியர் தன் கையிலிருந்து கட்ட வேண்டுமா?

கவுண்டரில் அமர்ந்திருக்கும் ஊழியர் வாடிக்கையாளரிடம் ஒரு காசோலையை வாங்குகிறார், முத்திரையிடுகிறார், கணக்கில் வரவு வைக்கிறார். இரண்டு நாள் கழித்து அந்தக் காசோலை, "கணக்கில் போதிய பணம் இல்லை" என்ற சீட்டோடு திரும்பி வருகிறது. அதற்குள் வாடிக்கையாளர் அந்தத் தொகையை எடுத்துச் சென்றுவிட்டார். கணக்கில் இப்போது நிற்பது கழித்தல் குறியிட்ட ஓர் எண் மட்டுமே. வங்கிப் பணியில் புதிதாகச் சேர்ந்தவர்களின் வயிற்றில் புளியைக் கரைக்கும் கேள்வி இந்த இடத்தில்தான் எழுகிறது: வராமல் போன இந்தப் பணத்தை யார் தலையில் எழுதுவார்கள்?

பெரும்பாலான நேரங்களில் அது ஊழியரின் தலையில் விழுவதில்லை. ஆனால் எந்த நேரத்தில் விழும் என்பதைத் தெரிந்துகொள்ள, காசோலை என்பது என்ன, அது திரும்பும்போது நட்டம் யாரிடமிருந்து யாருக்குக் கைமாறுகிறது, வங்கிக்கும் அதன் ஊழியருக்கும் இடையே சட்டம் எங்கே கோடு கிழிக்கிறது ஆகிய மூன்றையும் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

காசோலை பணம் அல்ல. "என் கணக்கிலிருந்து இவருக்கு இவ்வளவு கொடுங்கள்" என்று கணக்கு வைத்திருப்பவர் தன் வங்கிக்கு எழுதும் கட்டளை. கட்டளையை மெய்யென்றோ பொய்யென்றோ சொல்ல முடியாது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1982-ல் ஒரு வழக்கில் ஏறக்குறைய இதையே சொன்னது: கணக்கில் பணம் இல்லாமல் எழுதப்பட்ட காசோலையை வங்கியில் செலுத்துவது, வங்கியிடம் பொய்யான தகவல் தருவதாகாது, ஏனெனில் காசோலை எதையும் "உண்மை" என்று அடித்துச் சொல்வதே இல்லை. அந்தத் தீர்ப்பு பலருக்கு உவப்பாக இல்லை. 1984-ல் அந்நாட்டு நாடாளுமன்றம் வங்கி மோசடி என்ற தனிக் குற்றத்தையே சட்டத்தில் சேர்த்தது. இருந்தாலும் நம் கேள்விக்கு அந்தக் கருத்து உதவுகிறது. எழுதியவரே "பணம் இருக்கிறது" என்று உறுதி சொல்லாத ஒரு தாளை வாங்கிப் பதிவு செய்யும் ஊழியர், அந்த உறுதியைத் தன் சார்பில் கொடுத்தவராக எப்படி ஆவார்? தாளில் தேதி சரியாக உள்ளதா, எண்ணாலும் எழுத்தாலும் எழுதிய தொகைகள் ஒன்றா, பெயர் பொருந்துகிறதா, திருத்தம் தெரிகிறதா என்று பார்ப்பது அவர் வேலை. வேறொரு வங்கியில் இருக்கும் கணக்கின் இருப்பை ஊகித்துச் சொல்வது அவர் வேலையன்று.

காசோலை திரும்பும்போது நட்டம் ஒரு வரிசைப்படிதான் நகர்கிறது. முதல் பொறுப்பு அதை எழுதியவருடையது. பல நாடுகளில் அவர்மீது பணம் கேட்டு உரிமையியல் வழக்கும் போடலாம், குற்ற வழக்கும் போடலாம்; இந்தியாவில் 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தில் 138-ஆம் பிரிவு குற்ற வழக்குக்காகவே பின்னாளில் சேர்க்கப்பட்டது. எழுதியவரிடமிருந்து பணம் வராவிட்டால் அடுத்த பொறுப்பு, காசோலையைத் தன் கணக்கில் செலுத்திய வாடிக்கையாளருடையது. வங்கி அவருக்காக அதை வசூலிக்கும் முகவர் மட்டுமே. காசோலை கைக்கு வந்த அன்றே கணக்கில் காட்டப்படும் வரவு, பணம் வந்து சேரும் என்ற எதிர்பார்ப்பில் வைக்கப்படும் தற்காலிக வரவு. பணம் வராவிட்டால் அதைத் திருப்பிப் பற்று எழுதிக்கொள்ளும் உரிமை வங்கிக்கு உண்டு. அமெரிக்காவின் சீர்மை வணிகச் சட்டத் தொகுப்பு இதை வெளிப்படையாகவே எழுதிவைத்திருக்கிறது. மற்ற நாடுகளில் பெரும்பாலும் கணக்குத் தொடங்கும்போது வாடிக்கையாளர் படிக்காமல் கையெழுத்திடும் நிபந்தனைத் தாளிலேயே இது இருக்கும்.

வாடிக்கையாளர் கணக்கைக் காலி செய்துவிட்டு மறைந்துபோனால்தான் நட்டம் வங்கியின் மடியில் விழுகிறது. அப்படி விழும்போது, இந்த வகை நட்டத்தைத் தாங்குவது வங்கித் தொழிலின் இயல்பான செலவு என்றே சட்டம் எடுத்துக்கொள்கிறது. வட்டியும் கட்டணமும் வங்கிக்குப் போகின்றன. சம்பளம் மட்டுமே ஊழியருக்கு வருகிறது. லாபத்தில் பங்கு இல்லாதவர்மீது நட்டத்தை மட்டும் ஏற்றுவது பொருந்தாது என்பதே தொழிலாளர் சட்டங்கள் பலவற்றின் அடியில் ஓடும் நியாயம்.

வங்கிக்கு நட்டம் வருவதற்கு வேறொரு வாசலும் உண்டு. காசோலை யார்மீது எழுதப்பட்டதோ அந்த வங்கி, அதைத் திருப்பி அனுப்பக் கெடு இருக்கிறது. அமெரிக்கச் சட்டப்படி, காசோலை வந்து சேர்ந்த வேலை நாளுக்கு அடுத்த வேலை நாளின் நள்ளிரவு அந்தக் கெடு. அதைத் தவறவிட்டால் கணக்கில் ஒரு காசு இல்லாவிட்டாலும் அந்த வங்கியே தொகைக்குப் பொறுப்பு. கையெழுத்துப் போலியாக இருந்தாலும் பணத்தைக் கொடுத்துவிட்ட வங்கி, நல்லெண்ணத்தோடு பெற்றுக்கொண்டவரிடமிருந்து அதைத் திரும்பக் கேட்க முடியாது என்ற விதி இன்னும் பழையது. இங்கிலாந்தில் 1762-ல் மேன்ஸ்ஃபீல்டு பிரபு அளித்த தீர்ப்பிலிருந்து அது வருகிறது. தன் வாடிக்கையாளரின் கையெழுத்தைத் தெரிந்துவைத்திருப்பது அந்த வங்கியின் கடமை என்பதே அதன் அடிப்படை. ஆகவே, திருப்ப வேண்டிய காசோலைகளை மேசை இழுப்பறையில் மறந்துவிட்ட ஊழியரின் நிலை, முதலில் பார்த்த கவுண்டர் ஊழியரின் நிலையிலிருந்து வேறுபட்டது. கவுண்டர் ஊழியர் விஷயத்தில் நட்டத்துக்குக் காரணம் வாடிக்கையாளர். மறந்துவிட்டவர் விஷயத்தில் அந்த மறதியே காரணம்.

இனி ஒரு காட்சியைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். நீண்ட விடுமுறைக்கு முந்தைய நாள் மாலை. பல ஆண்டுகளாகக் கணக்கு வைத்திருக்கும் ஒரு வணிகர் பெரிய தொகைக்கான காசோலையோடு வருகிறார். வேலையாட்களுக்கு அன்றே கூலி கொடுத்தாக வேண்டும் என்கிறார். ஊழியரின் திரையில் இரண்டு எண்கள் தெரிகின்றன. ஒன்று, இன்று போட்ட காசோலையையும் சேர்த்துக் காட்டும் மொத்த இருப்பு. மற்றது, உண்மையில் எடுக்கத் தகுந்த இருப்பு. இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் இன்னும் வசூலாகாத காசோலையின் தொகை. அந்த இடைவெளியிலிருந்து பணம் கொடுப்பது, பெயர் என்னவாக இருந்தாலும், ஒரு கடன்தான். பிணையும் இல்லை, விண்ணப்பமும் இல்லை, வட்டி விகிதம் பேசவும் இல்லை. ஆனாலும் அது கடன். கடன் கொடுக்க அந்த ஊழியருக்கு அதிகாரம் உண்டா, உண்டென்றால் எவ்வளவு வரை என்பதே அடுத்து வரும் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. மேலாளருக்கு ஒரு வரம்பு இருக்கும். அந்த வரம்புக்குள் அவர் அனுமதித்து, காரணத்தைப் பதிவேட்டில் எழுதிவைத்துவிட்டால், காசோலை திரும்பினாலும் அது ஒரு வணிக முடிவு தவறிப்போன கதையாகவே முடியும். வரம்பை மீறிக் கொடுத்துவிட்டு, "பத்து வருஷப் பழக்கம், நம்பிக் கொடுத்தேன்" என்று சொன்னால் கதையே வேறு.

வேறு என்பது எவ்வளவு வேறு என்பதை இந்திய உச்ச நீதிமன்றத்தின் இரண்டு தீர்ப்புகளை அருகருகே வைத்துப் பார்த்தால் விளங்கும். 1979-ல் ஓர் அரசு அதிகாரி தொடர்பான வழக்கில், திறமைக் குறைவும் கணிப்புப் பிழையும் தம்மளவில் ஒழுங்கீனம் ஆகா என்று நீதிமன்றம் சொன்னது. விளைவு ஈடுசெய்ய முடியாத அளவுக்கு மோசமாக இருந்தால் மட்டுமே கவனக்குறைவு அந்த நிலைக்கு உயரும் என்றும் சேர்த்துச் சொன்னது. 1996-ல் வந்த வழக்கு ஒரு வங்கி அதிகாரியைப் பற்றியது. தனக்கு அளிக்கப்பட்ட அதிகார வரம்பைத் தாண்டி, பெரிய தொகைகளுக்கு மிகைப்பற்று (கணக்கில் இருப்பதைவிடக் கூடுதலாக எடுப்பது) அனுமதித்தார், காசோலைகளுக்குப் பணம் கொடுக்க ஒப்புதல் தந்தார் என்பது குற்றச்சாட்டு. வங்கிக்கு நட்டம் ஏற்பட்டதாக நிரூபிக்கப்படவில்லையே என்ற வாதத்தை உயர் நீதிமன்றம் ஏற்றது. உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. ஒருவர் தன் அதிகாரத்தை மீறி நடப்பதே ஒழுங்கு மீறல். நட்டத்தைத் தனியாக நிரூபிக்க வேண்டியதில்லை என்று அது தீர்ப்பளித்தது. புதிதாகப் பணியில் சேர்பவர்கள் மனத்தில் இருத்த வேண்டிய தீர்ப்பு இதுதான் என்பேன். காசோலை திரும்பாமல் முழுத் தொகையும் வந்து சேர்ந்திருந்தாலும் அந்த அதிகாரி தப்பியிருக்க மாட்டார்; வரம்புக்குள் நின்று தவறாகக் கணித்தவரோ, காசோலை திரும்பிய பிறகும் பெரும்பாலும் தப்பிவிடுவார்.

இங்கே "பொறுப்பு" என்ற ஒரே சொல்லுக்குள் வெவ்வேறு பொருள்கள் கலந்துவிடுவதால்தான் குழப்பம் வருகிறது. வாடிக்கையாளருக்கோ வெளியாருக்கோ பதில் சொல்ல வேண்டியது பொதுவாக வங்கியே. ஒப்பந்தம் இருப்பது வங்கியோடுதான். பணியின்போது ஊழியர் செய்யும் தவறுக்கும் வங்கியே முன்னால் நிற்க வேண்டும். பணிக்கு வெளியே நடந்ததற்கு அப்படியில்லை: தெரிந்தவர் என்ற உரிமையில், கணக்கில் போடச் சொல்லிப் பணத்தையும் காசோலையையும் ஒரு வங்கி ஊழியரிடம் கொடுத்தனுப்ப, அவர் ஏமாற்றிவிட்ட ஒரு வழக்கில், அவர் நண்பராகவே அதைப் பெற்றார், வங்கி ஊழியராக அல்ல என்று கூறி, வங்கிக்குப் பொறுப்பில்லை என 1978-ல் இந்திய உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. அப்படிப்பட்ட நிலையில் முழுச் சுமையும் அந்த ஊழியருடையதே.

வங்கிக்கு ஊழியர் ஈடு கட்ட வேண்டுமா என்பது மற்றொரு கேள்வி. ஆங்கிலேயச் சட்டத்தின் பழைய விடை சற்று அதிர்ச்சி தருவது. 1957-ல், அன்று அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபையின் முன் வந்த ஒரு வழக்கில், லாரி ஓட்டுநர் ஒருவர் வண்டியைப் பின்னோக்கி எடுக்கும்போது உடன் வேலை செய்த தன் சொந்தத் தந்தையின்மீதே மோதிவிட்டார். நிறுவனத்தின் சார்பில் தந்தைக்கு இழப்பீடு கொடுத்த காப்பீட்டாளர்கள், நிறுவனத்தின் பெயரால் ஓட்டுநர்மீது வழக்குத் தொடர்ந்து அந்தத் தொகையைக் கேட்டார்கள், வென்றும்விட்டார்கள். ஊழியர் தன் வேலையைத் தகுந்த கவனத்தோடு செய்ய ஒப்புக்கொண்டவர், கவனம் தவறினால் முதலாளிக்கு நேர்ந்த நட்டத்துக்கு ஈடு செய்யக் கடமைப்பட்டவர் என்பது தீர்ப்பின் சாரம். தீர்ப்பு எழுப்பிய சங்கடம் காப்பீட்டு நிறுவனங்களையே தொட்டது. கூட்டுச்சதியோ வேண்டுமென்றே செய்த தவறோ இல்லாதவரை இப்படி ஊழியர்களைத் துரத்துவதில்லை என்று அவை தமக்குள் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. கொள்கை ஏட்டில் இருக்கிறது, நடைமுறை அதைத் தொடத் தயங்குகிறது. லாரி ஓட்டுநருக்குச் சொன்னது வங்கி எழுத்தருக்கும் பொருந்தும். அந்தத் தயக்கமும் பொருந்தும்.

ஜெர்மனியில் இந்தத் தயக்கத்தையே சட்டமாக்கிவிட்டார்கள். அங்கே கூட்டாட்சித் தொழிலாளர் நீதிமன்றம் வளர்த்தெடுத்து, 1994-ல் எல்லா வகைப் பணிகளுக்கும் விரித்த விதிப்படி, சிறு கவனக்குறைவுக்கு ஊழியர் எதுவும் கட்ட வேண்டியதில்லை. நடுத்தரக் கவனக்குறைவு என்றால் நட்டத்தை இருவரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். கடுமையான அலட்சியத்துக்கும் வேண்டுமென்றே செய்ததற்கும் பொதுவாக முழுப் பொறுப்பு. வாடிக்கையாளரின் காசோலையில் தேதி தாண்டியிருப்பதைக் கவனிக்காமல் விட்ட எழுத்தர் முதல் படியில் நிற்பார். அதே வாடிக்கையாளரின் நான்கு காசோலைகள் அடுத்தடுத்துத் திரும்பியது தெரிந்தும் ஐந்தாவதின்மேல் பணம் கொடுத்தவர் மூன்றாவது படியை நெருங்கிவிடுவார். வேறு நாட்டில் இருப்பவருக்கும் தன் நிலையை எடைபோட இந்த மூன்று படிகள் நல்ல அளவுகோல் என்பது என் எண்ணம்.

நடைமுறையில் வங்கிகள் ஊழியர்மீது உரிமையியல் வழக்குக்குப் போவது அரிது. கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது சம்பளம். அங்கேதான் கை நீளும். எனவே சம்பளப் பிடித்தம் பற்றிய சட்டங்களே அன்றாடத்தில் ஊழியருக்குப் பாதுகாப்பு. அமெரிக்காவில் 1938-ஆம் ஆண்டின் நியாயத் தொழில் தரச் சட்டம், பணக் குறைவுக்காக (கல்லாவில் இருக்க வேண்டிய பணம் குறைவதற்காக) செய்யும் பிடித்தம் குறைந்தபட்ச ஊதியத்தையோ மிகைநேர ஊதியத்தையோ அரிக்கக் கூடாது என்கிறது. சில மாநிலங்கள் இன்னும் கண்டிப்பானவை: கலிஃபோர்னியாவில் நேர்மைக்கேடோ வேண்டுமென்றே செய்த செயலோ கடும் அலட்சியமோ இல்லாதவரை, சாதாரணக் குறைவுக்காகச் சம்பளத்தில் கை வைக்க முடியாது. பிரிட்டனின் 1996-ஆம் ஆண்டு வேலைவாய்ப்பு உரிமைச் சட்டம், கவுண்டரில் பணம் வாங்கும் பணியாளர்களுக்கு, நிதிச் சேவையில் இருப்பவர்கள் உட்பட, பணக் குறைவுக்காக ஒரு சம்பள நாளில் மொத்த ஊதியத்தில் 10 சதவீதத்துக்கு மேல் பிடிக்கக் கூடாது என்று வரம்பு கட்டுகிறது. வேலையை விட்டுப் போகும் கடைசிச் சம்பளத்துக்கு மட்டும் அந்த வரம்பு இல்லை.

இந்தியாவில் 1936-ஆம் ஆண்டு ஊதியம் வழங்கல் சட்டம் வகுத்த தத்துவம், ஊழியர் கணக்குக் காட்ட வேண்டிய பணத்தின் இழப்பு அவருடைய கவனக்குறைவாலோ தவறாலோ நேரடியாக ஏற்பட்டிருந்தால் மட்டுமே பிடித்தம் செய்யலாம், அதுவும் விளக்கம் கேட்ட பிறகே என்பது. "நேரடியாக" என்ற சொல்லை அழுத்திப் படிக்க வேண்டும். வாடிக்கையாளரின் கணக்கில் பணம் இல்லாததால் வந்த இழப்பு, எழுத்தரின் கவனக்குறைவால் நேரடியாக வந்ததாகாது. நடுவில் வாடிக்கையாளர் நிற்கிறார். ஆனால் பொதுத்துறை வங்கி அதிகாரிகளுக்கான ஒழுங்கு விதிகளில், கவனக்குறைவாலோ உத்தரவை மீறியதாலோ வங்கிக்கு ஏற்பட்ட பண இழப்பை முழுதாகவோ பகுதியாகவோ சம்பளத்திலிருந்து வசூலிப்பது ஒரு தண்டனையாகவே இடம்பெற்றிருக்கிறது. அது சிறு தண்டனைகளின் பட்டியலில் இருப்பதுதான் வேடிக்கை. மாதாமாதம் சம்பளத்தில் துண்டு விழுகிறவருக்கு அது சிறிதாகத் தெரியாது. அது தண்டனை என்பதால், மேலாளர் வாய்மொழியாகச் சொல்லி விதிக்க முடியாது. குற்றச்சாட்டு எழுத்தில் தரப்பட வேண்டும், பதில் சொல்ல வாய்ப்புத் தரப்பட வேண்டும், முடிவெடுக்க அதிகாரமுள்ளவர் உத்தரவிட வேண்டும்.

ஊழியர்கள் உண்மையில் சிக்கிக்கொள்ளும் இடம் பெரும்பாலும் சுழற்சிக் காசோலை மோசடி. ஒரே ஆள் இரண்டு வங்கிகளில் கணக்கு வைத்துக்கொண்டு, முதல் வங்கியின் காசோலையை இரண்டாவதில் போடுகிறார். அது வசூலுக்குப் போய்ச் சேர்வதற்குள், இரண்டாவது வங்கியின் காசோலையை முதலாவதில் போட்டு அதை மூடுகிறார். இரு கணக்கிலும் பணம் இருப்பதுபோல் தெரியும். எதிலும் பணம் இருக்காது. காசோலை பயணம் செய்யும் அந்த ஓரிரு நாள்தான் மூலதனம். வரவு வைத்த அன்றே அதற்கிணையான தொகை வெளியே போவது, தொகைகள் வாரந்தோறும் வீங்குவது, காசோலைகள் எல்லாம் ஒரே இடத்திலிருந்து வருவது ஆகியவை கணக்கறிக்கையை மேலிருந்து கீழே விரலோட்டிப் பார்த்தாலே தெரியும். இதைக் காணத் தவறிய ஊழியர் கவனக்குறைவானவர் எனப்படலாம். கண்ட பிறகும் "நல்ல வாடிக்கையாளர்" என்று வசூலாகாத காசோலைகளின்மேல் பணம் விட்டுக்கொண்டே இருந்தவர்மீது உடந்தை என்ற சந்தேகம் விழும். அங்கிருந்து சம்பளப் பிடித்தம் பற்றிய பேச்சே நின்றுவிடும். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் வங்கிப் பணத்தை முறைகேடாகப் பயன்படுத்தும் ஊழியருக்கு 30 ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்க இடமுண்டு. இந்தியாவில் தனியார் வங்கி அதிகாரிகளையும் ஊழல் தடுப்புச் சட்டத்தின்கீழ்ப் பொது ஊழியராகக் கருதி விசாரிக்கலாம் என்று 2016-ல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது.

ஊழியர் தாமாகவே இழுத்துப் போட்டுக்கொள்ளும் பொறுப்பும் ஒன்று உண்டு. அவசரத்தில் வந்த நண்பரின் காசோலையை, பின்புறம் தன் பெயரில் கையெழுத்திட்டுத் தன் கணக்கிலேயே போட்டுப் பணம் எடுத்துக் கொடுப்பது அதில் முதன்மையானது. அந்தக் கணத்தில் அவர் வங்கி ஊழியர் அல்ல, வாடிக்கையாளர். காசோலை திரும்பினால் மேலே சொன்ன வரிசையில் இரண்டாவது இடத்தில் நிற்பவர் அவரே. வங்கி அவர் கணக்கில் பற்று எழுதும், கேள்வி கேட்க வழியில்லை. "இந்த வாடிக்கையாளருக்கு நான் பொறுப்பு" என்று எழுதிக் கொடுப்பதும் இப்படித்தான். அது ஊழியரின் சொல்லாக இல்லாமல் தனி மனிதர் கொடுத்த உத்தரவாதமாகப் படிக்கப்படும்.

காசோலை திரும்பிய மறுநாள் மேலாளர் அழைத்து, "தொகையை நானே கட்டுகிறேன்" என்ற கடிதத்தில் கையெழுத்துக் கேட்டால், அது எந்த விதியின்கீழ்க் கேட்கப்படுகிறது என்று எழுத்தில் கேட்பது ஊழியரின் உரிமை. கையெழுத்திட்ட பிறகு, கவனக்குறைவை ஒப்புக்கொண்டதற்கான ஆதாரமாக அந்தக் கடிதமே விசாரணைக் கோப்பில் முதல் தாளாக உட்காரும். அமெரிக்காவில் ஊழியர் தாமாக எழுதிக் கொடுத்தாலும் குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே பிடிக்க முடியாது. எல்லா நாட்டிலும் அப்படியில்லை. அன்றைய தினம் காசோலையை வாங்கியபோது திரையில் எடுக்கத் தகுந்த இருப்பு எவ்வளவு, பணம் கொடுக்க அனுமதித்தவர் யார், அந்த அனுமதி எந்தப் பதிவேட்டில் எந்த நேரத்தில் பதிவானது என்ற மூன்றையும் நினைவு மங்குவதற்குள் தேதியிட்டு எழுதிவைத்துக்கொண்ட ஊழியருக்கு, அந்த அறையில் பேசுவதற்கு ஏதாவது இருக்கும்.